மறுப்புப் பூஜ்யம்

இருநூற்று நாற்பது வீடு.
படிவம் ஒன்றுக்கு எழுபது ரூபாய்.
தேரூர் சாலையில் இறங்கி
மணியங்குளத்துக் கரையில் வண்டியைச் சாய்த்துவைத்தால்
மதியத்துக்குள் ஆறு,
மழையில்லாவிட்டால் ஏழு.

மூன்று துறைகள் ஒரே குளத்துக்கு வந்திருந்தன.
சூழலியல்காரர் விடியலில் வந்து
இலைமேல் நடக்கும் தாமரைக்கோழிகளை எண்ணிவிட்டு
வெயில் ஏறுமுன் போய்விடுவார்.
வணிகவியல் பேராசிரியை தோவாளைச் சந்தைவரை
பூவின் பின்னாலேயே நடந்தார்:
கரையில் எண்பது பைசா, கமிஷன் கடையில் மூன்று ரூபாய்,
ஆயுத பூசைக்கு முந்தின இரவு பதினெட்டு.
எந்தப் படித்துறையில் யார் குளிப்பதென்று
கேட்கத் தொடங்கிய சமூகவியல் மாணவர்
இரண்டாம் நாளே கேட்பதை நிறுத்திக்கொண்டார்.
ஒருவர் அட்டவணையை மற்றவர் எட்டிப் பார்த்ததில்லை.
மூவருக்கும் சேர்த்து நான் ஒருத்தி
கதவு தட்டினேன்.

இருபத்தேழாம் கேள்வியில்தான்
எல்லோரும் ஒரு மூச்சு நிறுத்துவார்கள்.
'இக்குளத்தைப் பாதுகாக்க ஆண்டுக்கு
எத்தனை ரூபாய் கொடுக்க விரும்புவீர்கள்?
பதிலை எண்ணால் எழுதவும்.'

ஐந்நூறு என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.
நூறு என்றாள் ஒருத்தி,
கணவனைப் பார்த்தாள்,
ஐம்பது.

தங்கபாய் களைபறித்துக்கொண்டிருந்தாள்.
கடைமடை வயல். தாமரைத்தண்டு அடைத்து
வாய்க்காலில் பத்து நாளாய்த் தண்ணீர் இல்லை.
"எனக்க வயலுக்கு வாற தண்ணிக்கு
நான் எதுக்காக்கும் ரூவா தரணும்?
அடைச்சவன்ட்ட போய்க் கேளு பிள்ளே."
ஒரு எண் வேணும் அக்கா, என்றேன்.
"சைபர். எழுது."

சுயம்பு கழுத்தளவு நீரிலிருந்து கரையேறி வந்தான்,
டயர் டியூபில் பூக்கட்டு,
தண்டின் முள் கிழித்த முன்கை.
அவனும் அதையே சொன்னான்.
கையெழுத்துப் போடக் குனிந்தபோது சொட்டிய நீரில்
நான் போட்ட வட்டம்
கலைந்து பெரிதாயிற்று.

குத்தகைக்காரர் கிருஷ்ணதாஸ் டீ வாங்கித் தந்தார்.
ஏலத்தொகை, உரம், மருந்து, ஆள்கூலி
மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தவர்
இருபத்தேழில் நின்றார்.
குளத்தை வெகுநேரம் பார்த்தார்,
முதலில் தன்னுடையதைப் போல,
பிறகு அப்படி இல்லாததைப் போல.
"இப்பம் குடுக்கது போராதா?"
டீ ஆறியிருந்தது.
பேனா மூடியைக் கழற்றினேன்.

பூஜ்யம் இரண்டு வகை என்கிறது புள்ளியியல்.
கையில் இல்லாததால் சொன்னது கணக்கில் சேரும்.
கேள்வியே பிடிக்காமல் சொன்னது மறுப்பு,
மாதிரியைக் கெடுக்கும், நீக்குக.
மென்பொருளில் ஒரு சொடுக்கு.
இருநூற்று நாற்பது இருநூற்றுப் பன்னிரண்டானது,
சராசரி எழுபத்தாறிலிருந்து எண்பத்தாறுக்கு ஏறியது.
இருபத்தெட்டு பேர் எழுந்து போனதும்
குளத்தின் விலை கூடிவிட்டது.
முறையியல் நேர்த்தி, என்று எழுதினார்
முகம் தெரியாத மதிப்பீட்டாளர்.

ஐப்பசியில் அச்சுப்பிரதியோடு போனேன்.
யாரும் போகச் சொல்லவில்லை,
அதற்குப் படியும் இல்லை.
"எனக்க பதிலு எங்கே?" என்றாள் தங்கபாய்.
பதினான்காம் பக்கம், ஒன்பதாம் அடிக்குறிப்பு,
எறும்பு ஊர்வது போன்ற எழுத்து.
வாசித்துக் காட்டினேன்.
"இருவத்தெட்டு பேரா!"

மண்வெட்டியை ஊன்றிவிட்டு
விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினாள்.
கடைமடையில் பதினொன்று. ஞானதீபம் வீடு.
சுயம்பு, அவனுக்க அண்ணன்.
மீன் பிடிக்க விடாமல் துரத்தப்பட்ட நாலு பேர்.
ஆடு குளிப்பாட்டுகிற ராசம்மை, ஆமா, அவ சொல்லியிருப்பா.
ஒரு பெயரும் தப்பவில்லை.
இருபத்தேழில் விரல் நின்றது.

"இன்னொண்ணு ஆருட்டி?"

பெயர் வெளியிடப்பட மாட்டாது:
ஒப்புதல் படிவத்தின் நான்காம் வரி.
கரையில் யாரோ பைக்கை நிறுத்தி
பூவெடுக்க ஆள் கூப்பிடும் குரல் கேட்டது.
நான் அந்தப் பக்கம்
திரும்பவில்லை.